‘கிராவிட்டி ஃபால்ஸ்’ ஏன் இரண்டே சீசனில் முடிந்தது?

கார்த்திகைப்பூ:
அனைவருக்கும் வணக்கம். மகளும் நானும் டிஸ்னியின் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ கார்ட்டூன் தொடரை அண்மையில்தான் முழுவதுமாகப் பார்த்து முடித்தோம். 2012 ஜூனில் தொடங்கி 2016 பிப்ரவரியில் நிறைவடைந்த இத்தொடரில் மொத்தமே 40 அத்தியாயங்கள்தாம். குழந்தைகளும் பெரியவர்களும் ஒருசேரக் கொண்டாடிய தொடரை டிஸ்னி எப்படி இவ்வளவு சீக்கிரம் நிறுத்த முன்வந்தது? நன்றாக ஓடுகிற தொடரை யாராவது நிறுத்துவார்களா என்று மகள் கேட்கிறாள். எனக்கும் விடை தெரியவில்லை.

தாளிசை:
சேனல் நிறுத்தவில்லை. தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷே 2015 நவம்பரில், இது ரத்து செய்யப்படவில்லை, தம் விருப்பப்படியே முடிக்கிறேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். அதற்கான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

டிப்பர், மேபல் என்ற பன்னிரண்டு வயது இரட்டையர், கோடை விடுமுறையைக் கழிக்க ஒரேகான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஸ்டான் தாத்தாவின் வீட்டுக்கு வருகிறார்கள். ஆகஸ்ட் 31 அவர்களுடைய பிறந்தநாள். அன்றோடு பதின்மூன்று வயது ஆகிவிடும், விடுமுறையும் தீர்ந்துவிடும். 1989 முதல் ஒளிபரப்பாகும் ‘தி சிம்சன்ஸ்’ தொடரில் பார்ட் இன்றுவரை பத்து வயதுச் சிறுவனாகவே இருக்கிறான். அங்கே காலம் நகர வேண்டிய தேவை இல்லை. இங்கோ, பிள்ளைப்பருவம் கைவிட்டுப் போகிறதே என்று மேபல் அஞ்சுவதும், அந்த அச்சத்தை வில்லன் பில் சைஃபர் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வதும்தான் கதையின் உச்சம். அப்படிப்பட்ட கதையில் கோடை முடியவே முடியாது என்று ஆக்கியிருந்தால், மேபல் அந்த அச்சத்தைக் கடந்து வந்ததற்கே பொருள் இல்லாமல் போயிருக்கும்.

கடைசிப் பேருந்துக் காட்சியை மகளோடு இன்னொரு முறை பாருங்கள். தோழி வெண்டி தன் தொப்பியை டிப்பருக்குக் கொடுத்து அவனுடையதைத் தான் வாங்கிக்கொள்கிறாள். ஊரை நினைத்து ஏங்கும்போது பிரித்துப் பார் என்று ஒரு கடிதமும் தருகிறாள். மேபலின் பன்றிக்குட்டியை ஏற்ற மறுக்கும் ஓட்டுநர், ஸ்டான் தாத்தாவும் அவருடைய சகோதரரும் முறைத்த முறைப்பில் வழிவிடுகிறார். இவ்வளவு நிதானமான விடைபெறல், முடிவு எப்போது என்று முன்கூட்டியே தெரிந்த எழுத்தாளருக்குத்தான் வாய்க்கும்.

வெள்ளிமலை:
தாளிசை சொல்வது இந்தத் தொடருக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் எல்லாத் தொடர்களும் இப்படித்தான் முடிகின்றன என்று உங்கள் மகள் நினைத்துவிடக் கூடாது. இது அரிதாகக் கிடைக்கும் நல்வாய்ப்பு.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 65 அத்தியாயம் என்பது நெடுநாள் கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரம் ஓட்டினால் 65 ஆகிவிடும். பிறகு அதையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பலாம். பழைய குழந்தைகள் வளர்ந்து விலக, புதிய குழந்தைகள் வந்து அவற்றையே முதன்முறையாகப் பார்ப்பார்கள் என்பதால், புது அத்தியாயங்களுக்குச் செலவு செய்யச் சேனலுக்குப் பெரிய கட்டாயம் இல்லை. டிஸ்னியின் ‘கிம் பாசிபிள்’ 65-ஓடு நின்றிருக்க வேண்டியது; ரசிகர்களின் வற்புறுத்தலால் இன்னொரு சீசன் கண்டு 87-இல் முடிந்தது. ‘யங் ஜஸ்டிஸ்’ கதை இன்னும் வருத்தமானது. அதற்குப் பணம் தந்தது பெரிதும் பொம்மை வணிகம். பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்காததால் 2013-இல், கதை பாதியில் நிற்க, தொடர் நின்றது. ரசிகர்கள் விடாமல் கேட்டதன் பலனாக 2019-இல்தான் திரும்ப வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தொடரை நேசித்தவர்களுக்கு நேர்ந்தது அநியாயம் என்றே இன்றும் கருதுகிறேன்.

கரிசல்மண்:
உழைப்பின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிர்ஷ் எழுத்துக் குழுவை வழிநடத்தியதோடு ஸ்டான், சூஸ், பில் சைஃபர் மூவருக்கும் தாமே குரல் கொடுத்தார். இருபத்திரண்டு நிமிட அத்தியாயம் ஒன்றுக்கு எழுத்து, ஸ்டோரிபோர்டு, குரல்பதிவு, கொரிய ஸ்டூடியோக்களில் அனிமேஷன், திரும்பி வந்தபின் திருத்தங்கள் என்று பல மாதங்கள் பிடிக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் ஒரு சங்கேதக் குறியீட்டை வைத்து, முன்னே போட்ட முடிச்சைப் பின்னே அவிழ்க்கும் பொறுப்பும் இருந்தது. முதல் சீசன் 2013 ஆகஸ்டில் முடிய, அடுத்தது தொடங்க ஓராண்டு ஆனதில் வியப்பில்லை. இதே தரத்தில் ஐந்தாறு சீசன் கேட்பது நியாயமாகாது என்பது என் கருத்து.

கார்த்திகைப்பூ:
மூவருக்கும் மிக்க நன்றி. சேனல் நிறுத்தவில்லை என்றதும் மகளுக்குப் பெரிய ஆறுதல். டிப்பரையும் மேபலையும் பற்றி மேலும் ஏதாவது வந்திருக்கிறதா என்று இப்போது கேட்கிறாள்.

தாளிசை:
புத்தகங்களாக வந்திருக்கின்றன. தொடரில் டிப்பர் கையிலேயே வைத்திருக்கும் மூன்றாம் குறிப்பேடு 2016-இலும், படக்கதைத் தொகுப்பு ஒன்று 2018-இலும் வெளிவந்தன. 2024-இல் பில் சைஃபரின் பெயரில் வந்த புத்தகம் சற்று அச்சமூட்டுவது. அதை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். குறிப்பேட்டிலிருந்து தொடங்குவது நல்லது, அதிலும் அவிழ்க்க வேண்டிய குறியீடுகள் நிறைய உள்ளன.