பிரேக் ரோட்டரில் படியும் துரு: சொல் வேண்டும், அவசரம்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். வாகனப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. டிஸ்க் பிரேக் இயலில் சிக்கிக்கொண்டேன். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான ரோட்டர் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. அதை இருபுறமும் இறுக்கி வேகத்தைக் குறைக்கும் பேடு உரசும் முகத்தில் பூச்சு கிடையாது. நனைந்த வண்டியை ஓர் இரவு நிறுத்தினாலே செம்பழுப்பாக மெல்லிய துரு படியும். மெதுவாக ஓட்டிச் சில முறை பிரேக் பிடித்தால் பேடு உரசியே அது போய்விடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் துரு வேறு. இரும்பை அரித்துக் குழி பறித்திருக்கும். அதைக் கடைசல் பிடிக்க வேண்டும்; கடைந்தபின் தடிமன் ரோட்டரிலேயே பொறித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். இரண்டையும் ‘துரு’ என்றே எழுதினால், எதை ஓட்டிப் போக்குவது, எதைக் கழற்றுவது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ரோட்டருக்கு இப்போதைக்குச் ‘சுழலி’ போட்டிருக்கிறேன்.

பொறியாளர்:
சுழலி வேண்டாம். மின்மோட்டாரில் சுழலும் பகுதிக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. மின்வாகனத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்கலத்துக்கு ஆற்றலைத் திருப்பித் தருவதால் பேடு குறைவாகவே உரசும். அதனால் ரோட்டரில் துரு தங்கிவிடும். இதை விளக்கும் ஒரே பத்தியில் இரண்டு சுழலிகள் வரும்.

தமிழாசிரியர்:
‘வட்டு’ இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? வட்டெறிதல், குறுவட்டு, வன்வட்டு எல்லாம் வழக்கில் உள்ளவை. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்பது குறள் 401. பிரேக்குக்குத் ‘தடை’, ஆக, தடைவட்டு. மெல்லிய துருவுக்குப் ‘பூந்துரு’. சுவரில் உப்புப் பூத்தது என்கிறோம், நீறு பூத்த நெருப்பு என்கிறோம். மேலே மெலிதாகப் படர்வதைப் பூத்தல் என்பது நம் மரபு. பூப்பெயர் முன் இன மென்மையும் தோன்றும் என்பது நன்னூல் விதி; அதாவது ‘பூ’வை அடுத்து வல்லினம் வந்தால் அதன் இன மெல்லெழுத்தும் இடையில் வரலாம். பூந்துரு, பூத்துரு இரண்டும் சரி.

பொறியாளர்:
ஐயா, அந்தக் குறளுக்குப் பரிமேலழகர் ‘உண்டை உருட்டல்’ என்றல்லவா பொருள் சொல்கிறார்? நற்றிணை 3இல் சிறுவர் ஆடுவதும் நெல்லிக்காய் வட்டு. அது உருண்டை, தட்டை அல்ல.

தமிழாசிரியர்:
வட்டம், வட்டணை, உண்கலமான ‘வட்டில்’ எல்லாம் ஒரே வேர். உருண்டையும் தட்டையும் அந்த வேரில் அடங்கும். அந்த உண்கலம் தட்டையாகத்தானே இருக்கிறது?

பட்டறைப் பயிற்றுநர்:
வட்டு எனக்குச் சம்மதம், தடை வேண்டாம். சாலையில் வேகத்தடை, வயரிங் பாடத்தில் மின்தடை, இப்போது பிரேக்கிலும் தடையா? மாணவர்கள் டிஸ்க் என்றே சொல்கிறார்கள். ‘பிரேக் வட்டு’ என்று எழுதினால் போதும். துருவுக்கு மேல்துரு, குழித்துரு. நகத்தால் வருடிப் பார்த்தால் குழித்துரு தட்டும், மேல்துரு தட்டாது. சொல்லைக் கேட்டதும் கை அந்தச் சோதனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சேருங்கள். வட்டு வந்து உட்காரும் ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, அதன் முகத்தில் துரு இருந்தால் வட்டு நேராக உட்காராது. சுழலும்போது முகம் அலையும்; பிரேக் பிடிக்கையில் மிதி காலடியில் துடிக்கும். புது வட்டு போட்டும் துடிக்கிறது என்று வருகிற வண்டிகளில் முதலில் அங்கேதான் பார்ப்பேன். கம்பித் தூரிகையால் அந்த முகத்தைச் சுத்தமாகத் தேய்த்த பிறகே வட்டை மாட்ட வேண்டும்.

மாணவர்:
துருவுக்குக் ‘களிம்பு’ ஆகாதா? செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்பது சைவ சித்தாந்தம்.

தமிழாசிரியர்:
அங்கே களிம்பு செம்போடு உடன்பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. இரும்பின் துரு காற்றின் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து பின்னர் வருவது. உவமை பொருந்தாது.

பட்டறைப் பயிற்றுநர்:
அதைவிடப் பெரிய ஆபத்து, களிம்பு என்றால் இன்று தடவும் மருந்து. உரசும் முகத்தில் எதையாவது தடவினால் பிரேக் பிடிக்காது. எண்ணெய், கிரீஸ், துரு இளக்கும் தெளிப்பான் எதுவும் அங்கே படக் கூடாது. கழற்றிய வட்டை வினிகரில் ஊறவைத்தாலும் கழுவி, உடனே உலர்த்தி, பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.

தமிழாசிரியர்:
ஏற்கிறேன். ஆனால் மேல் + துரு ‘மேற்றுரு’ என்றுதான் புணரும். மேல் + திசை மேற்றிசை ஆவதுபோல.

பட்டறைப் பயிற்றுநர்:
ஐயா, மேற்றுரு என்று எழுதினால் அதில் துருவே கண்ணுக்குத் தெரியாது. ‘உரு’ என்று படிப்பார்கள். கிரீஸ் கையோடு பக்கம் புரட்டுகிறவருக்கு அகராதி பார்க்க நேரம் ஏது?

மொழிபெயர்ப்பாளர்:
பிரேக் வட்டு, மேல்துரு, குழித்துரு என்றே அனுப்புகிறேன். பூந்துருவை விட மனமில்லை. ஆனால் பட்டறையில் படிப்பவருக்கு மேல்துருதான் உடனே புரியும். ஹப்புக்கு என்ன போடலாம்? வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையைக் குறடு என்பதுண்டு.

பட்டறைப் பயிற்றுநர்:
குறடு கேட்டால் பையன் இடுக்கியைத்தான் எடுத்து நீட்டுவான். ஹப் என்றே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
நடுக்கட்டைக்குக் ‘குடம்’ என்ற பெயரும் உண்டு, தச்சர் வழக்கு. அடுத்த பதிப்புக்காவது அதை எடுங்கள். மேல்துரு புணர்ச்சி விதியை மீறியது என்ற என் மறுப்பு இந்த இழையில் பதிவாகட்டும்.