2023ல் டாலிஸ் ஸ்காலர்ஸுக்கு ஐம்பது வயது: இன்னும் காதை விட்டுப் போகாத அந்த ஒரு நொடி

(பழைய ஐரோப்பிய தேவாலய இசையைப் பாடும் ஆங்கிலக் குழு இது. அவர்கள் பாடியதில் உங்கள் காதை விட்டுப் போகாத நொடி எது என்பதே இந்தத் திரியின் கேள்வி.)

நாற்பதாம்குரல்

தாமஸ் டாலிஸ் நாற்பது குரலுக்கு எழுதிய லத்தீன் பாட்டு ‘ஸ்பெம் இன் ஏலியம்’ முடியப்போகும் இடம்தான். ‘க்ரேயாத்தோர் சேலி எத் தெர்ரே’ என்ற வரியோடு நாற்பது குரல்களும் ஒரேயடியாக நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் மௌனம். அப்புறம் ‘ரெஸ்பிசே’ என்று எட்டுக் குழுக்களும் (குழுவுக்கு ஐந்து குரல்) சேர்ந்து எழும், காது எதிர்பார்த்திருந்த இடத்தை விட்டு விலகி.

2013ல் நாற்பதாம் ஆண்டுக்கு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இதைப் பாடினார்கள். அந்தக் குவிமாடத்தின் கீழே மௌனம் மௌனமாகவே இருக்காது. பழைய ஒலி பல விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். இசை ஏட்டில் உள்ள ஓய்வை அப்படியே எண்ணிவிட்டு எழுந்தால் புதிய சுருதிக்கூட்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரம்) பழையதன் மேல் விழுந்து கலங்கிப்போகும். நடத்துநர் அந்த ஓய்வைக் கொஞ்சம் இழுத்துப்பிடிக்க வேண்டும். எவ்வளவு என்று எந்த ஏடும் சொல்லாது, அந்தக் கட்டடம்தான் சொல்லும்.

மேல்ஸ்தாயி

எனக்கு 17ஆம் நூற்றாண்டு ரோம் இசையமைப்பாளர் அலெக்ரியின் மிசெரேரேதான். 1980ல் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரி ஆலயத்தில் பதிவானது. பாடகி அலிசன் ஸ்டாம்ப் அதன் உச்ச ஸ்வரமான மேல் ‘சி’யைத் தொடும் விதம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அதிர்வே இல்லாமல், முட்டி மோதாமல், ஏற்கெனவே அங்கே இருந்த ஒலியைத் திறந்துவிட்டது போல.

அந்த ஸ்வரம் ஐந்து முறை வரும், ஐந்திலும் ஒரே நிறம். பெரிய குழு ஐந்து குரலில் ஒரு வசனம், நடுவே ஒற்றைக் குரலில் கிரெகோரியன் ஓதல் (பழைய தேவாலய மெட்டு), தூரத்திலிருந்து நால்வர் ஒரு வசனம், மறுபடி ஓதல் என்று மாறி மாறிப் போகும். கடைசியில் மட்டும் இரண்டு குழுவும் ஒன்பது குரலாகச் சேரும். இதில் சுருதியைக் கையில் வைத்திருப்பவர் நடுவே தனியாக ஓதும் அந்த ஒருவர்தான். துணைக்கு ஆர்கன் கிடையாது. அவர் ஒரு மயிரிழை இறங்கினால் அடுத்த நால்வரும் இறங்கித்தான் எடுப்பார்கள், கடைசி வசனத்தில் இரண்டு குழுவும் சேரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

சுவடிநோக்கி

மேல்ஸ்தாயி அவர்களே, பாடியவரைப் பற்றிச் சொன்னதில் மறுப்பே இல்லை. ஆனால் அந்த ‘சி’ அலெக்ரி எழுதியதல்ல. அவர் 1652ல் இறந்துவிட்டார். 1831ல் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் ரோமில் கேட்டுக் குறித்துக்கொண்ட பகுதி வழக்கமான சுருதியைவிட நான்கு ஸ்வரம் மேலே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்ரோவ் இசை அகராதிக்குக் கட்டுரை எழுதிய ராக்ஸ்ட்ரோ, ஒரு வசனத்தின் முன்பாதியை ஒரு சுருதியிலும் பின்பாதியை இந்த உயர்ந்த சுருதியிலும் ஒட்டிவிட்டார். 1951ல் ஐவர் அட்கின்ஸ் பதிப்பு அதையே எடுத்துக்கொண்டது, உலகமும் அதையே பாடுகிறது. நால்வர் பகுதியில் வசனத்தின் நடுவே சுருதி திடீரென்று தாவுவதைக் கவனியுங்கள். அதுதான் ஒட்டுப்போட்ட தையல்.

இதை முதலில் பாடிய வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்துப் பாடகர்களின் பெருமை வேறு இடத்தில் இருந்தது: எளிய சுருதிக்கூட்டின் மேல் அவர்களே சேர்த்துக்கொண்ட அலங்காரங்கள். டாலிஸ் ஸ்காலர்ஸும் பின்னாளில் டெபோரா ராபர்ட்ஸின் அலங்காரங்களோடு இன்னொரு பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் அதைக் கேட்க வேண்டும் என்பேன்.

மேல்ஸ்தாயி

தையல் எனக்கும் தெரியும் ஐயா. தவறாகப் பிறந்தாலும் அது இப்போது ஒரு பாட்டு, அதைப் பாடத்தான் வேண்டும். திரி கேட்டது எந்த நொடி என்று.

ரிஸரிஸ

1500 வாக்கில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஜோஸ்கானின் ‘ஹெர்குலஸ் டுக்ஸ் ஃபெர்ராரியே’ பூசையை (தேவாலயப் பூசை வாசகங்களுக்கு அமைத்த இசை) யாரும் சொல்லவில்லையே! ஃபெர்ராரா பிரபு எர்கோலேயின் பட்டப்பெயரில் உள்ள உயிரெழுத்துகளை ஸ்வரமாக்கியது: எ உ எ உ எ அ இ எ. அதே உயிரெழுத்துள்ள பழைய ஐரோப்பிய ஸ்வரப் பெயர்கள்: ரே உத் ரே உத் ரே ஃபா மி ரே. ‘உத்’ நம் ஸ என்றால் ரி ஸ ரி ஸ ரி ம க ரி. டெனர் (உயர்ந்த ஆண் குரல்) இந்த எட்டு ஸ்வரத்தையே நீட்டி நீட்டிப் பாடும். முதலில் கீழே, அடுத்து பஞ்சமம் ஏறி, பிறகு ஒரு ஸ்தாயி மேலே. மேலே ஏறும்போது டெனர் இருவரும் உரக்கப் பாட ஆரம்பித்தால் பிரபுவின் பெயர் மட்டும் கேட்கும், சுற்றியுள்ள பின்னல் செத்துவிடும். இவர்கள் பதிவில் அந்த ஏற்றம் கனமே கூட்டாமல் வருகிறது.

ஜோஸ்கானின் 18 பூசைகளை 9 ஆல்பங்களில் முடித்த தொடரில் இதுதான் கடைசி ஆல்பம், 2020.

இருவர்க்கொருகுரல்

எனக்கு அவர்களின் எந்தப் பாட்டிலும் கடைசிச் சுருதிக்கூட்டில் அந்தக் காந்தாரம் அசையாமல் உட்காரும் நொடி. அவ்வளவுதான். ஆனால் சின்னக் குழு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சில விஷயம்.

பத்துப் பேரே போதும். நான்கு சொப்ரானோ (மேல் குரல்), மற்ற மூன்று வகையில் (ஆல்ட்டோ, டெனர், பேஸ்) இரண்டிரண்டு. 1973ல் பீட்டர் பிலிப்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது தொடங்கிய குழு மெல்ல வந்து நின்ற கணக்கு இது. குரலுக்கு ஒருவர் என்றால் நீண்ட வரியில் மூச்சு வாங்கும் இடம் ஓட்டையாகும். மூன்று பேர் என்றால் ஒலி தடித்து உள்குரல் மறையும். இருவர் என்றால் ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் தாங்கலாம். இதை ஏட்டில் பென்சிலால் குறித்துவிடுங்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இருவரும் ஒரே காற்புள்ளியில்தான் மூச்செடுப்பார்கள். சொல் முடியும் இடத்தில் எடுக்கக் கூடாது, நீண்ட ஸ்வரத்தின் நடுவில் எடுக்க வேண்டும். திரும்பி உள்ளே வரும்போது மெதுவாக, மெய்யெழுத்து இல்லாமல் வர வேண்டும்.

சுருதி. பியானோவில் காந்தாரம் 400 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு), இயற்கையான காந்தாரம் 386. அந்த 14 சென்ட் கீழே வைத்தால்தான் கூட்டு அசையாமல் நிற்கும். எனவே பியானோ வைத்துப் பழக்காதீர்கள். முதலில் பேஸின் அடி ஸ்வரமும் பஞ்சமமும் மட்டும் பாடி இறுக்கிக்கொண்டு, கடைசியில் காந்தாரத்தைச் சேருங்கள்.

அப்படிச் செய்தாலும் சுருதி இறங்கும். சி, ஏ மைனர், டி மைனர், ஜி, மறுபடி சி என்ற கூட்டுகளில் இயற்கைச் சுருதியில் ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 22 சென்ட் கீழே வந்து நிற்போம். ஐந்து சுற்றில் அரைஸ்வரம் போய்விடும். பாடகர்களைத் திட்டிப் பயனில்லை, கணக்கே அப்படி. பொதுவான ஸ்வரத்தைப் பிடித்திருக்கும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னால் சமாளிக்கலாம்.

நாற்பதாம்குரல் அவர்களுக்கும் ஒன்று: ‘ஸ்பெம்’மில் இந்த இருவர் பலம் இல்லை, ஆளுக்கொரு குரல். எட்டுக் குழுவை அரைவட்டமாக நிறுத்தினால் முதல் குழுவுக்கும் எட்டாவதுக்கும் 30 மீட்டர் வந்துவிடும். ஒலி அதைக் கடக்கக் கிட்டத்தட்ட விநாடியில் பத்தில் ஒரு பங்கு. காதை நம்பி நுழைந்தால் பிந்திவிடும், கையைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். கடைசிக் குழுக்கள் தொடக்கத்தில் வெறுமனே எண்ணிக்கொண்டு நிற்பார்கள், தப்பு நடப்பது அங்கேதான். பக்கத்துக் குழு எந்தச் சொல்லில் இருக்கும்போது தாங்கள் எடுக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

தம்புராக்காது

386 என்றதும் புரிந்தது. தம்புராவில் மந்தர ஸ தந்தியை மீட்டினால் மேலே தானாகக் கேட்குமே, அதே அந்தர காந்தாரம். பத்து நிமிடம் தம்புராவோடு பாடவிட்டாலே பாடகர்களுக்கு வந்துவிடுமே?

இருவர்க்கொருகுரல்

ஸ்வரம் அதேதான். ஆனால் தம்புராவில் ஸ நகராது. இங்கே கூட்டுக்குக் கூட்டு அடிப்படையே மாறுகிறது. இந்த நொடியில் காந்தாரமாக இருந்த ஸ்வரம் அடுத்த நொடியில் இன்னொன்றுக்குப் பஞ்சமம், அப்போது அதன் இடமும் மாறியாக வேண்டும். தம்புராவில் பழகிய காது முதல் கூட்டைச் சுத்தமாகப் பாடும். இரண்டாவதில் பழைய இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். காது பழக நல்லது, ஆனால் அதோடு நிறுத்த முடியாது.

பாங்கேலிங்குவா

என் நொடி ஜோஸ்கானின் ‘பாங்கே லிங்குவா’ பூசையில் ‘எத் இன்கார்னாத்துஸ் எஸ்த்’ (‘மனிதரானார்’) என்ற வரி. அதுவரை ஒன்றையொன்று துரத்திய நான்கு குரல்களும் திடீரென்று ஒரே சொல்லை ஒரே நேரத்தில் பாடும், மேல் குரலில் பூசைக்குப் பெயர் தந்த பழைய துதிப்பாடல் மிதக்கும். இதை வேண்டுமென்றே மெதுவாக்குகிற குழுக்கள் உண்டு. தேவையில்லை. பின்னல் நின்றதே போதும், காது தானாக நின்றுவிடும். கிராமஃபோன் பத்திரிகை 1987ல் ஆண்டின் சிறந்த பதிவாக எடுத்தது இந்த ஆல்பத்தைத்தான். பழைய இசைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

ரிஸரிஸ அவர்களே, அதே ஆல்பத்தில் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது: ‘லா ஸோல் ஃபா ரே மி’. உங்கள் கணக்குப்படி த ப ம ரி க. ஒரு பூசை முழுக்க இந்த ஐந்தே ஸ்வரம் வந்துகொண்டே இருக்கும். முதல் தடவை டெனரை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.