வகுப்பு விக்கியில் ஒரு பிள்ளை பதிந்த வீட்டுப்பாடத்தை இன்னொரு பிள்ளையின் பதிவு அழித்துவிடுகிறது – உதவி தேவை

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

வணக்கம். எங்கள் வகுப்புக்கு டோக்குவிக்கியில் (பலரும் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவும் விக்கி மென்பொருள்) ஒரு சின்னத் தளம் இருக்கிறது. பள்ளியின் சர்வரிலேயே ஓடுகிறது. அன்றன்றைய வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளே அதில் பதிகிறார்கள். அவர்களே பதிந்தால் கரும்பலகையில் எழுதியதை ஒருமுறையாவது நிதானமாகப் படிப்பார்கள், லீவு போட்ட பிள்ளைக்கும் விவரம் போய்ச் சேரும் என்றுதான் ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கும் இதில் ரொம்ப ஆர்வம்.

ஆனால் பதிந்தது காணாமல் போகிறது. பாடத்துக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவின் போனிலிருந்து எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள். முதலில் பார்த்தால் கணக்கு இருக்கும், அறிவியல் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அறிவியல் இருக்கும், கணக்கு போயிருக்கும். போன வாரம் ஒரு நாள் பக்கமே இல்லை. "நான் அழிக்கவே இல்லை மிஸ்" என்று ஒரு பையன் அழுதுவிட்டான். வகுப்புக்கு மொத்தமாக ஒரே லாகின் என்பதால் யாரால் போனது என்றும் தெரியவில்லை.

ஒருவர் எழுதும்போது மற்றவர் நுழையாதபடி பக்கம் பூட்டிக்கொள்ளும் என்றார்களே, அது ஏன் நடக்கவில்லை?

கணினி ஆசிரியர்:

டீச்சர், பூட்டு சரியாகத்தான் இருக்கிறது. ஒரே லாகின்தான் அதை ஏமாற்றுகிறது.

ஒருவர் 'திருத்து' பொத்தானை அழுத்தியதும் டோக்குவிக்கி அந்தப் பக்கத்தை அவருடைய பயனர் பெயரில் பூட்டி வைக்கும். நீங்கள் மாற்றாவிட்டால் அந்தப் பூட்டுக்கு 15 நிமிடம் ஆயுள். அதே பயனர் பெயரில் இன்னொருவர் வந்தால், பூட்டியவரே திரும்பி வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பெயர். அதனால் யாருக்கும் பூட்டு இல்லை.

இரண்டாவதாகச் சேமிக்கும் பிள்ளைக்கு ஓர் எச்சரிக்கைத் திரை வரும். இதைவிடப் புதிய பதிப்பு ஒன்று இருக்கிறது, வேறுபாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லும். பத்து வயதுப் பிள்ளை அதைப் படிக்காது, 'சேமி' என்பதை அழுத்திவிடும். முன்னால் எழுதிய பிள்ளையின் வரி அங்கேதான் போகிறது.

பக்கமே காணாமல் போனதற்குக் காரணம் வேறு. இந்த மென்பொருளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்றுப் பக்கமாகச் சேமித்தால், பக்கத்தை நீக்கியதாகவே அர்த்தம். திருத்தும் அனுமதி இருந்தாலே போதும், இது நடந்துவிடும். போனில் தெரியாமல் எல்லாவற்றையும் தேர்வு செய்து ஒரு விரல் பட்டிருக்கலாம். அந்தப் பையன் சொன்னது உண்மையாகவே இருக்கும். அவனிடம் அப்படிச் சொல்லிவிடுங்கள்.

போனது எதுவும் நிரந்தரமாகப் போகவில்லை. அதே முகவரிக்குப் போய்ப் பழைய பதிப்புகளைத் திறந்து, சரியான பதிப்பைத் தேர்ந்து, 'திருத்து' அழுத்தி அப்படியே சேமித்தால் பக்கம் திரும்ப வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

இப்போதே செய்து பார்த்தேன் சார், பக்கம் வந்துவிட்டது! நாளைக்கு முதல் வேலையாக அந்தப் பையனிடம் சொல்கிறேன்.

அப்படியானால் 36 பேருக்கும் தனி லாகின் போட வேண்டுமா? ஒருவரிடமும் இமெயில் கிடையாது.

கணினி ஆசிரியர்:

தனி லாகின்தான் வழி. நிர்வாகியின் பயனர் மேலாண்மைப் பக்கத்தில் ஒரே சி.எஸ்.வி. கோப்பாக (வரிக்கு ஒருவர் விவரம் என்று காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) எல்லோரையும் ஏற்றிவிடலாம். இமெயில் கேட்கும் இடத்தில் பள்ளியின் முகவரியைக் கொடுங்கள். பயனர் பெயராகப் பிள்ளையின் முழுப்பெயர் வேண்டாம், வருகைப் பதிவேட்டின் வரிசை எண் போதும். தளத்தை லாகின் இல்லாமல் யாரும் பார்க்க முடியாதபடி மூடி வையுங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. தனி லாகின் வந்ததும் பூட்டு வேலை செய்யத் தொடங்கும். ஒரு பிள்ளை திருத்தும் திரையைத் திறந்துவிட்டு சாப்பிடப் போனால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால் நாளுக்கு ஒரு புதுப் பக்கம் வையுங்கள், அதை எழுதுவதும் அன்றைய பொறுப்பாளர் மட்டும்தான் என்று வைத்துவிடுங்கள்.

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை:

சார் சொன்ன மாற்றங்கள் எல்லாம் அவசியம். ஆனால் என் பார்வையில் பெரிய மாற்றம் வேறு: பதியும் வேலையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடைசிப் பீரியடின் கடைசி ஐந்து, பத்து நிமிடத்தில் வகுப்பிலேயே முடியுங்கள். எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் ஜோடியாகச் செய்கிறார்கள். ஒருவர் டைரியைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் தட்டச்சு செய்வார். மறுநாள் அடுத்த ஜோடி. வாசிக்கும்போதே "மிஸ், எந்தப் பயிற்சின்னு போடலையே" என்று கேட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பார்கள்? அம்மாவோ அப்பாவோ ஊகித்துத் தட்டிவிடுவார்கள். அப்புறம் அது பிள்ளையின் பதிவே இல்லை. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளியில் பதிந்தால்தான் முறை வரும்.

எழுத்துப்பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தாதீர்கள். பக்க எண்ணும் பயிற்சி எண்ணும் மட்டும் சரியா என்று பாருங்கள். பிழையை மறுநாள் ஜோடி கண்டுபிடித்துத் திருத்தட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடித்த வேலை.

எங்களுக்கு இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. எல்லாப் பாடமும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்ததும், ஒரே நாளில் நாலு பாடத்துக்கும் வேலை கொடுத்திருப்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கே அதிகபட்சம் 2 மணி நேரம்தான் வீட்டுப்பாடம் என்கிறது. 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. இப்போது நாங்கள் பாடங்களை நாள் பிரித்துக் கொடுக்கிறோம்.

ஒரு பெற்றோர்:

டீச்சர், தயவுசெய்து 'நாளைக்குள்' என்று மட்டும் பதிய விடாதீர்கள். வெள்ளிக்கிழமை பதிந்ததை ஞாயிற்றுக்கிழமை திறந்தால் எந்த நாளைக்கு என்று புரியாது. தேதியும் கிழமையும் போடச் சொல்லுங்கள். டைரி எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். எங்கள் தெருவில் மின்சாரம் போனால் டைரிதான் துணை.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தனி லாகின், ஜோடி, கடைசிப் பீரியட் எல்லாம் இந்த வாரம் தொடங்கிவிட்டோம். ஒருவர் எழுதியது இன்னொருவரால் அழிவது நின்றுவிட்டது. எழுதிய ஜோடி கீழே தங்கள் வரிசை எண்ணைப் பெருமையாகப் போடுகிறார்கள்.

புதிதாக ஒரு சிக்கல். இன்றைய ஜோடி 'ஐந்தாம் வகுப்பு செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடம்' என்று தலைப்பு வைத்துப் பக்கம் தொடங்கினார்கள். சேமிக்கவே முடியவில்லை. 'செவ்வாய்' என்று மட்டும் வைத்தால் சேமிக்கிறது. தமிழில் தலைப்பு வைக்கக் கூடாதா?

கணினி ஆசிரியர்:

தாராளமாக வைக்கலாம், நீளம்தான் பிரச்சினை. டோக்குவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கோப்பாக வைக்கிறது. கோப்பின் பெயரில் தமிழை அப்படியே எழுதாமல் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் கலந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். அதில் ஒரு தமிழ் எழுத்துக்கே 9 இடம் போய்விடும். 'செ' போல உயிர்மெய்யாக இருந்தால் மெய்க்கு ஒன்பது, குறிக்கு ஒன்பது, ஆக 18. லினக்ஸ் சர்வரில் கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 இடம்தான் உண்டு. உங்கள் தலைப்பு அதைத் தாண்டிவிட்டது.

பக்கத்தின் பெயரைத் தேதியாக மட்டும் வையுங்கள், 2025-07-08 என்பதுபோல. ஆண்டு முன்னால் வந்தால் பட்டியலும் தேதி வரிசையிலேயே நிற்கும். நீளமான தமிழ்த் தலைப்பைப் பக்கத்துக்குள் முதல் வரியில் போடச் சொல்லுங்கள். அமைப்புகளில் முதல் தலைப்பையே பக்கப் பெயராகக் காட்டு என்ற விருப்பம் இருக்கிறது, அதை இயக்கினால் இணைப்புகளில் தமிழ்த் தலைப்பே தெரியும்.

முடிந்தால் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு டெம்ப்ளேட் கோப்பு வைக்கச் சொல்லுங்கள். புதுப் பக்கம் திறந்ததும் பாடங்களின் பெயரும் 'எந்தத் தேதிக்குள்' என்ற வரியும் தயாராக இருக்கும், பிள்ளைகள் நிரப்பினால் போதும். பேக்கப்பும் அவரிடமே கேளுங்கள். 2018இல் விக்கிஸ்பேசஸ் என்ற இணைய விக்கி சேவை மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த வகுப்புகள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. உங்களுடையது எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள். தரவுக் கோப்புறையை வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுத்தால் பழைய பதிப்புகளும் சேர்ந்தே வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

தேதியை வைத்ததும் சேமித்துவிட்டது சார். டெம்ப்ளேட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.