பைபர் வள்ளத்துக்கு எக்கோ சவுண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

குளச்சல்_வள்ளம்: 28 அடி பைபர் வள்ளம், தூண்டில் தொழில். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் கரைப் பக்கம் 30, 35 பாகத்துல (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) களவா, விளமீன் பிடிக்கிறோம். பழைய பாரெல்லாம் (கடலடிப் பாறைத் திட்டு) ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சிருக்கோம். புதுப் பார் தேட, ஒலி அனுப்பி ஆழத்தையும் அடித்தரையையும் திரையில காட்டுற எக்கோ சவுண்டர் வேணும். கடைக்காரர் 9 இன்ச் திரை எடுக்கச் சொல்றார். 5 இன்ச் அதுல பாதி விலை. மீன் படம் காட்டினா போதுமா?

அணியத்து_ஆள்: தம்பி, திரை அளவை விடு. தொழிலைச் செய்றது, ஒலியைக் கூம்பு மாதிரி கீழே அனுப்பி எதிரொலியை வாங்குற டிரான்ஸ்டியூசர்தான். 50, 200 கிலோஹெர்ட்ஸ் ரெண்டும் உள்ளதா எடு. 200ல 15 பாகைக் கூம்புன்னா, 60 மீட்டர் ஆழத்துல அடியில 16 மீட்டர் அகலந்தான் தெரியும். 50ல 40 பாகைன்னா 44 மீட்டர் வரும். பாரைத் தேட 50, அது மேலே வள்ளத்தை நிறுத்த 200.

மீன் படத்தை நம்பாதே, அணைச்சு வை. தரைக்கோட்டைப் பாரு. சேறுன்னா மெலிசா விழும். கல்லுன்னா தடிப்பா விழும், கீழே ரெண்டாவது கோடும் வரும். அந்த இடத்தைத்தான் குறிக்கணும். களவாவுக்கு வயித்துல காத்துப்பை இருக்கு, நல்லா எதிரொலிக்கும். நெய்மீனுக்கு அது கிடையாது. திரை வெறுமையா இருந்தாலும் கீழே நெய்மீன் நிக்கலாம்.

வள்ளத்தைக் கரையில இழுத்து ஏத்துறீங்களா? அப்போ டிரான்ஸ்டியூசரை வெளியே மாட்டாதே, மணல்ல உரசி உடையும். உள்ளேயே, பலகையும் நுரையும் இல்லாத வெறும் பைபர்ல ஒட்டலாம். எதிரொலியோட பலம் கொஞ்சம் குறையும், உன் ஆழத்துக்குப் பாதகமில்லை. ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல தண்ணி ஊத்தி வச்சுப் பாரு. ஈயக்குண்டு கட்டி விட்ட கயித்து அளவும் திரையில காட்டுற ஆழமும் ஒத்துவரணும். பிறகு எபாக்சி பசை வச்சு ஒட்டு, உள்ளே காத்துக்குமிழி ஒண்ணுகூட நிக்கக்கூடாது.

தேங்காப்பட்டணம்77: அண்ணன் சொன்னதே சரி. கரண்டு ஒயரைத் தனியா பேட்டரியில இருந்து இழுங்க, எஞ்சின் ஒயரோட சேர்த்துக் கட்டினா திரை முழுக்கப் புள்ளி விழும். வாங்குறப்போ திரையை வெயில்ல வச்சுப் பாருங்க. கடைக்குள்ள எல்லாமே பளிச்சுன்னுதான் இருக்கும்.

குளச்சல்_வள்ளம்: ஆமாண்ணே, கரையிலதான் ஏத்துறோம். எஞ்சினுக்கு முன்னால அடியில பலகை வச்சுக் கட்டியிருக்கு. நடுவுல, ஐஸ் பெட்டிக்குக் கீழே வெறும் பைபர். அங்கே வைக்கலாமா?

அணியத்து_ஆள்: ஓடும்போதும் அந்த இடம் தண்ணிக்குள்ளேயே இருந்தா வை. அணியம் (முன்பக்கம்) தூக்கி அடிக்கிற இடம்னா இன்னும் பின்னால தள்ளு.