பெர்னோலி என்றால் எந்தப் பெர்னோலி? – அனுபவப் பகிர்வு

நூலகப் பட்டியல் பக்கத்திலிருந்து:

நம்மூர் வழக்கப்படி முதலெழுத்தை மட்டும் போட்டு "ஜே. பெர்னோலி" என்று எழுதினால் ஒரே கணிதக் குடும்பத்தில் ஐந்து பேர் வந்து நிற்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து மசாலா வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் யாக்கோப் (Jakob, 1655–1705), தம்பி யோகான் (Johann, 1667–1748). அப்புறம் யோகானின் மகன் இரண்டாம் யோகான், பேரன்கள் மூன்றாம் யோகான், இரண்டாம் யாக்கோப். "என்." என்று போட்டாலும் தப்பிக்க முடியாது, நிக்கோலஸும் இரண்டு பேர். கணிதக்காரர்கள் மொத்தம் எட்டுப் பேர். போதாக்குறைக்கு யாக்கோபே பிரெஞ்சுப் புத்தகத்தில் ழாக், ஆங்கிலத்தில் ஜேம்ஸ். யோகான் அங்கே ழான், இங்கே ஜான். ஆகவே முழுப்பெயர், எத்தனையாவது ஆள், பிறப்பு இறப்பு ஆண்டு, இந்த மூன்றும் இல்லாமல் பட்டியல் அட்டை எழுதாதீர்கள்.

ஆண்டை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வோம். "பெர்னோலி 1713" என்பது யாக்கோபின் நிகழ்தகவு நூல். அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து இன்னொரு தம்பியின் மகன் முதலாம் நிக்கோலஸ் முன்னுரையோடு வந்தது. அதே 1713இல் அதே நிக்கோலஸ் ஒரு கடிதத்தில் ஒரு சூதாட்டப் புதிர் போட்டார். அதற்கு 1738இல் விடை எழுதியவர் யோகானின் மகன் டேனியல் (1700–1782). கட்டுரை வந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் இதழில். அதனால்தான் புதிருக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது, போட்டவர் பெயர் போய்விட்டது. டேனியலின் நீரியக்க நூலும் 1738தான்! "பெர்னோலி 1738" என்று யாராவது எழுதியிருந்தால் தண்ணீரா, பணமா என்று கேளுங்கள்.

கணிதம் கற்பிப்பவர்:

பெர்னோலி எண்கள் (அடுக்குகளைக் கூட்டும் சூத்திரத்தில் வரும் பின்னங்கள்), பெர்னோலி முயற்சி (வெற்றி, தோல்வி என இரண்டே விடை உள்ள சோதனை), பெர்னோலி வகைக்கெழுச் சமன்பாடு, எட்டு வடிவ வளைகோடு எல்லாம் யாக்கோப் கணக்கில். 1911இல் வந்த ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை பேசுவதும் இந்த எண்களைத்தான்.

1 முதல் 1000 வரை ஒவ்வொரு எண்ணின் 10ஆம் அடுக்கையும் கூட்டி, அரைக்கால் மணி நேரத்துக்குள் முடித்ததாக யாக்கோப் எழுதியிருக்கிறார். அதாவது ஏழரை நிமிஷம். மாயம் ஒன்றும் இல்லை, பெர்னோலி எண்களிலிருந்து வரும் சூத்திரம்தான். 1000இன் 11ஆம் அடுக்கை 11ஆல் வகுக்கவும். 10ஆம் அடுக்கில் பாதியைக் கூட்டவும். 9ஆம் அடுக்கில் ஆறில் ஐந்தைக் கூட்டவும். 7ஆம் அடுக்கைக் கழித்து, 5ஆம் அடுக்கைக் கூட்டி, 3ஆம் அடுக்கில் பாதியைக் கழிக்கவும். கடைசியாக 1000ஐ 5/66ஆல் பெருக்கிக் கூட்டவும். 1000இன் அடுக்கு எல்லாம் வெறும் சுழியம் என்பதால் தாளில் வேலை குறைவு. விடை 91,409,924,241,424,243,424,241,924,242,500.

பிசகுவது பாதியைக் கூட்டும் இரண்டாம் படியில். அந்தப் பாதிதான் முதல் பெர்னோலி எண். அதைச் சிலர் +1/2 என்பார்கள், சிலர் −1/2. கழித்தல் குறியோடு போட்டால் கூட்டல் 999லேயே நின்றுவிடும். உங்கள் விடை 90,409 என்று தொடங்கினால் காரணம் அதுதான், கணக்கில் வேறு பிழை தேட வேண்டாம்.

இயற்பியல் ஆய்வகத்திலிருந்து:

எங்கள் பாடத்தில் வருபவர் டேனியல் மட்டுமே. குழாய்ச் சுவரில் துளையிட்டு, கண்ணாடிக் குழாய் செருகி, ஓடும் நீர் சுவரை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தவர். படுக்கைக் குழாயில் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று சொல்லும் அவர் சமன்பாடு இன்றைய வடிவத்துக்கு வந்தது பிறகு, கணிதர் ஆய்லர் கையில்.

செய்து பார்க்க: படுக்கைக் குழாயின் ஓரிடத்தில் குறுக்குப் பரப்பைப் பாதியாக்குங்கள். அகன்ற பகுதியில் நீர் விநாடிக்கு 1 மீட்டர் போனால் குறுகலில் 2 மீட்டர். இரண்டு இடத்திலும் செருகிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மட்டம் சுமார் 15 செ.மீ. வித்தியாசப்படும், குறுகலில்தான் கீழே. வித்தியாசமே தெரியவில்லை என்றால் கண்ணாடிக் குழாயின் வாயைப் பாருங்கள். அது உள்ளே நீட்டி ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பியிருந்தால் வேகத்தின் பங்கும் சேர்ந்து ஏறும், குறுகலில் 20 செ.மீ., அகலத்தில் 5 செ.மீ. போன 15 திரும்பி வந்துவிடும். வாய் உட்சுவரோடு சமமாக இருக்க வேண்டும், துளையைச் சுற்றிப் பிசிறு கூடாது. குறுகலைத் தாண்டியபின் மட்டம் பழைய உயரத்துக்கு வராது. சுவர் உராய்வும் சுழிப்பும் தின்றுவிடும், அது உங்கள் தவறல்ல.

மறுபடி நூலகப் பக்கம்:

யோகானை யாரும் சொல்லவில்லையே. மகன் டேனியலோடு மல்லுக்கு நின்ற மனிதர். 1734இல் பாரிஸ் அறிவியல் கழகம் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்ததிலேயே கொதித்துப் போனார். பிறகு தன் நீரியல் நூலுக்கு 1732 என்று முன்தேதி போட்டார். அச்சேறியது 1740களில். முகப்புத் தேதியை நம்பி "அப்பாதான் முதலில்" என்று எழுதிவிடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் கண்ட பிரபலமான விதி (0/0 என்று நிற்கும் எல்லைகளைக் கண்டுபிடிப்பது) இன்று பிரெஞ்சுப் பிரபு ஒருவர் பெயரில் லோபிதால் விதி. 1694இல் ஆண்டுக்கு 300 லிவர் தருவதாக எழுதிக் கண்டுபிடிப்புகளை லோபிதால் வாங்கிக்கொண்டார், 1696இல் தன் நூலில் போட்டார்.

கணிதம் கற்பிப்பவர்:

பாசெல் பெரிய கோயிலில் யாக்கோபின் கல்லறைக் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டது மடக்கைச் சுருள், கல்தச்சர் செதுக்கியது ஆர்க்கிமிடீஸ் சுருள். படத்தில் மையத்திலிருந்து ஒரு நேர்கோடு இழுத்து, அடுத்தடுத்த வளைவுகளின் இடைவெளியை அளந்தால் போதும். மடக்கைச் சுருளில் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதின் ஒரே மடங்காகப் பெருகும். கல்லில் சமமாக இருக்கிறது.