கத்தரிப்பூ நிறமான மீன்கொத்தி

நான் (குடும்ப வாட்ஸ்அப் குழுவில்): அனைவருக்கும் வணக்கம். நான் வடிவமைத்த 16 பக்கப் பறவைக் கையேட்டின் மாதிரிப் பிரதி நேற்று அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. திரையில் பளிச்சென்று இருந்த மீன்கொத்தியின் நீலம் தாளில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அட்டையின் வலது ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு நிற்கிறது. உள்ளே சிறிய எழுத்துகளைச் சுற்றிச் செந்நிறச் சாயல் தெரிகிறது. கேட்டால், கோப்பில் இருந்ததுதான் வந்திருக்கிறது என்கிறார்கள். தவறு என்னுடையதா, அவர்களுடையதா என்று பெரியப்பாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தம்பி: அட்டையைப் படம் பிடித்து இங்கே போடுங்கள், சின்னக்கா. நாங்களும் பார்க்கிறோம்.

பெரியப்பா: படம் வேண்டாம். உன் கைபேசி ஒரு நீலத்தைக் காட்டும், என் கைபேசி வேறொரு நீலத்தைக் காட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது தீர்ப்பாக இருக்காது. கோப்பையே அனுப்பு. அதையும் ஆவணமாக அனுப்பு. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். அச்சுக்குப் போக வேண்டிய படங்களை இந்த வழியாக வாங்கி, அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு மங்கலாக இருக்கிறதே என்று வருந்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்: அனுப்பிவிட்டேன், பெரியப்பா.

பெரியப்பா: பார்த்தேன். மூன்று குறைகளும் உன் கோப்பிலேயே இருக்கின்றன. நீலத்திலிருந்து தொடங்குகிறேன். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு, தாளின் மேல் மையைப் படியவைத்து, வெள்ளை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறத்தைக் குறிக்கும் ஆர்ஜிபியில் 0, 0, 255 என்று நீ எடுத்திருக்கும் நீலம், சயான் (பச்சை கலந்த நீலம்), மஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளும் சேர்ந்தாலும் எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. மென்பொருள் தன்னால் ஆனவரை அதை மாற்றிப் பார்த்து, சயான் 88 விழுக்காடு, மஜந்தா 77 விழுக்காடு என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவ்வளவு மஜந்தா ஏறினால் நீலம் கத்தரிப்பூவாகத்தான் சாயும். அச்சகத்தில் பிளேட் என்னும் அச்சுத்தகடு செய்யும் பிரிவில் நாங்கள் வைத்திருந்த கணக்கு இதுதான்: நீலம் நீலமாகவே நிற்க வேண்டுமானால் மஜந்தா, சயானைவிட 30 புள்ளிகளாவது கீழே இருக்க வேண்டும். சயான் 100, மஜந்தா 50 என்று வைத்துப் பார். இன்னும் பச்சைச் சாயல் வேண்டுமானால் மஜந்தாவை இறக்கிக்கொண்டே போ. அதே வேளையில், அந்தப் பறவையின் இறகில் நீல நிறமியே கிடையாது என்பதையும் மறந்துவிடாதே. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நீலம் அது. மையைக் கொண்டு அதை முழுதாகப் பிடித்துவிடுவதாகச் சபதம் எடுக்காதே.

நான்: எழுத்தைச் சுற்றித் தெரியும் செந்நிறம் ஏன் வந்தது?

பெரியப்பா: கறுப்பையும் ஆர்ஜிபியில் எடுத்திருக்கிறாய், அதனால்தான். மாற்றத்துக்குப் பிறகு உன் கறுப்பு எழுத்து சயான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு பிளேட்டிலும் ஏறியிருக்கிறது. பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவேண்டும்; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். எழுத்தென்றால் கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் பூச்சியம். பெரிய கறுப்புப் பரப்பு வேண்டுமென்றால் அடியில் கொஞ்சம் சயான் கொடுக்கலாம். தனிக் கறுப்பு பெரிய பரப்பில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். வெள்ளைக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நீ பிளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி, விடவில்லை. ஏ5 என்பது 148க்கு 210 மில்லிமீட்டர். பின்னணியை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் 154க்கு 216. கட்டிங் கத்தி சற்று விலகி இறங்கினாலும் அப்போது வெள்ளை தெரியாது.

அக்கா: இப்போதுதான் படித்தேன். அந்த 154க்கு 216 அளவில் அட்டை முழுவதும் படம் வரவேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 1,819க்கு 2,551 பிக்சல் தேவை. உன் மீன்கொத்திப் படம் அதில் பாதிகூட இல்லை. மென்பொருளில் எண்ணை 300 என்று மாற்றி எழுதினால் விவரம் கூடிவிடாது. இல்லாத இறகு எங்கிருந்து வரும்?

நான்: இணையத்தில் அதைவிடப் பெரிய படம் கிடைக்கவில்லை, அக்கா.

அக்கா: தேடிய இடம் சரியில்லை. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற எண்ணிம நூலகத்தில் பழைய இயற்கை வரலாற்று நூல்களின் பறவைப் படங்கள் பெரிய அளவில் வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) இருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல், தன்னிடமுள்ள பொதுவுரிமைப் படைப்புகளின் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை சிசி0 உரிமத்தில் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் 28 லட்சம் படங்களோடு அதே வழியில் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் உயர்தரப் படங்களைத் தருகிறது. சிசி0 என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு தளத்தில் இருப்பதெல்லாம் சிசி0 என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமக் குறிப்பைப் பார்த்து, அதை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள். நான் சோம்பல்பட்டு அதைச் செய்யாமல் விட்டு, பிறகு ஒரே ஒரு படத்தின் மூலத்தைத் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

பெரியப்பா: பழைய கல்லச்சுப் படங்களில் இன்னொரு வசதியும் உண்டு. அவை படத்தைச் சிறு புள்ளிகளாக உடைக்கும் புள்ளித்திரை இல்லாமல் அச்சானவை. வருடி மறுபடி அச்சிடும்போது தொல்லை தருவதில்லை. ஆஃப்செட்டில் அச்சான பத்திரிகைப் படத்தை வருடினால், அதன் புள்ளிகளும் நம் புள்ளிகளும் மோதி, மெல்லிய துணியை இரண்டாக மடித்துப் பிடித்ததுபோல் அலையலையாகக் கோலம் விழும். அதைத்தான் மொய்ரே என்கிறோம்.

தம்பி: வடிவமைப்பு யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை என்று நினைத்திருந்தேன். படங்களைச் சேமித்து வைக்கும் பின்ட்ரெஸ்ட் தளத்தில் நான் 2,000 வடிவமைப்புகளுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் சின்னக்காவுக்கு இணைப்பை அனுப்புகிறேன்.

அக்கா: அவற்றில் எத்தனையை அளந்து பார்த்தாய்?

தம்பி: அளப்பதா? சேமித்ததோடு சரி.

அக்கா: குறையே அங்கேதான். சேமிப்பது பார்ப்பது ஆகாது. போன மாதம் நான் ஒரு மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த துண்டுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் அளவுகோலோடு உட்கார்ந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த மடிப்பை விரித்தால் இரண்டு பக்கமும் எழுத்து; பின்பக்க அச்சு முன்பக்கத்தில் நிழலாடும் அளவுக்கு மெல்லிய தாள்; ஒரே ஒரு நிறம். இருந்தும் எந்த வேளைக்கு எவ்வளவு என்ற பகுதியை ஐந்து நொடியில் கண்டுபிடிக்க முடிந்தது. எப்படியென்று பார்த்தால், தலைப்பின் மேலே விட்ட இடம் கீழே விட்ட இடத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தது, தடித்த எழுத்தைத் தலைப்புகளுக்கு மட்டுமே செலவிட்டிருந்தார்கள், மடிப்புக்கோடு எந்த வரியின் மேலும் விழவில்லை. அந்த மூன்றையும் எடுத்து ஓர் ஆண்டறிக்கையில் வைத்தேன்; மருந்துச் சீட்டின் சாயல் அதில் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா: இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். பத்து மடங்கு காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கி மேசையில் வை. கைக்குக் கிடைக்கும் எந்த அச்சுத்தாளையும் அதன் வழியாகப் பார். நான்கு நிறப் புள்ளிகளும் சேர்ந்து சிறுசிறு பூவிதழ் வட்டங்களாக நிற்கும். சயான் 15, மஜந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 பாகை என்று வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைப்பதால் வருகிற அமைப்பு அது. புள்ளியே இல்லாமல் ஒரு நிறம் வழவழவென்று இருந்தால், அது பான்டோன் போன்ற, முன்கூட்டியே கலந்த தனி மையாக இருக்கலாம். ஜப்பானிய மரப்பலகை அச்சுகளைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நிறத்துக்கு ஒரு பலகை. தாள் நகராமலிருக்கப் பலகையின் ஓரத்தில் கென்தோ என்ற சிறு வெட்டு. இத்தனை பலகைதான் என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு வானத்தையும் நீரையும் ஒரே நீலத்தில் முடித்திருப்பார்கள். கையில் இரண்டே நிறம் இருக்கிறது என்று எண்ணி உன் கையேட்டின் உள்பக்கங்களை ஒருமுறை வடிவமைத்துப் பார், அம்மா. சயான்மேல் மஞ்சள் விழும் இடத்தில் பச்சை தானாகவே கிடைத்துவிடும்.

நான்: செய்து பார்க்கிறேன். தாளைப் பற்றியும் சொல்லுங்கள். உள்பக்கங்களுக்குப் பூச்சில்லாத தாள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியப்பா: நல்ல தேர்வுதான், ஆனால் அது மையை உறிஞ்சும், புள்ளி பரவி, படம் கொஞ்சம் இருண்டு, நிறம் அடங்கித்தான் வரும். அதற்கேற்ற ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பை) அச்சகத்தாரிடம் கேட்டு வாங்கி, திரையிலேயே ஒத்திகை பார்த்துக்கொள். ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா51, பூச்சில்லாத தாளுக்கு ஃபோக்ரா52 ஆகிய அச்சுநிற அளவீடுகளின் அடிப்படையில் அமைந்த புரொஃபைல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தாலும் அவர்கள் சொல்வதே முடிவு, இயந்திரம் அவர்களுடையது. எடைக்கணக்கு எளிது. ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம். உன் கையேடு நான்கு ஏ4 தாள். 120 ஜிஎஸ்எம் என்றால் மொத்தம் 30 கிராம். தபாலில் அனுப்புவதாக இருந்தால் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்.

அக்கா: நார்வாட்டத்தையும் கேட்டுக்கொள். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் அட்டையை மடிக்கும்போது மை வெடித்து வெள்ளை தெரியும். ஒரே தாளிலிருந்து நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக, சம அளவில் இரண்டு பட்டைகள் வெட்டி ஒரு முனையில் பிடித்தால், அதிகமாகத் தொங்குவது நாருக்குக் குறுக்கே வெட்டியது.

நான்: நடுமடிப்பில் சென்டர் பின் அடிப்பதற்குப் பக்கங்களை நானே மாற்றி அடுக்கித் தரவேண்டுமா?

பெரியப்பா: கூடவே கூடாது. 1 முதல் 16 வரை தனித்தனிப் பக்கமாக, வரிசையாகக் கொடு. ஃபாரம் கட்டுவது, அதாவது பெரிய அச்சுத்தாளில் பக்கங்களை அடுக்குவது, அவர்கள் வேலை. உனக்குப் புரிவதற்காக வேண்டுமானால் ஒரு தாளை மூன்று முறை மடித்து, பக்க எண் எழுதி, பிரித்துப் பார். முதுகாகும் மடிப்பின் இருபுறமும் அருகருகே நிற்கும் எண்களைக் கூட்டினால் 17 வரும்.

அக்கா: கடைசியாக எழுத்துரு. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் ஓபன் ஃபான்ட் உரிமத்தில் இருப்பவை. அச்சிலும் வணிகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது, அவ்வளவுதான். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்துகொள்ளாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். உன் நான்காம் பக்கத்தில் "கொக்கு" உடைந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான். அதே வகை மென்பொருளான ஸ்கிரைபஸ் இலவசம், புதிய பதிப்புகளில் தமிழ் ஒழுங்காக வருகிறது, சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிறமுறை உண்டு, அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் எக்ஸ் வகைக் கோப்பும் தரும். இன்னொன்று: வரியிடைவெளியைக் கூட்டு. "மூ", "டூ" போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் "கீ" மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இருபுறமும் சமமாக ஒழுங்குபடுத்தாதே; நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் சொற்களுக்கிடையே வாய்க்கால் வெட்டினாற்போல் இடைவெளி விழும்.

நான்: எல்லாவற்றையும் திருத்தி, எழுத்துருக்களை உள்ளே பதித்து, பிடிஎஃப் எக்ஸ்4 ஆக ஏற்றுமதி செய்து அனுப்பியிருக்கிறேன். ஆவணமாகத்தான் அனுப்பியிருக்கிறேன், பெரியப்பா.

பெரியப்பா: நீலம் சரி. கறுப்பு சரி. பிளீட் சரி. ஏழாம் பக்கத்தின் எண் மட்டும் வெட்டுக்கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டரில் நிற்கிறது. கத்தி அதைத் தின்றுவிடும். 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே தள்ளு.

நான்: 8 மில்லிமீட்டருக்குத் தள்ளிவிட்டேன். எல்லாப் பக்கங்களிலும்.