பிப்ரவரி 1 சிகரெட் வரி: பழைய பாக்கெட்டைப் புது விலைக்கு விற்கலாமா?

தண்டையார்பேட்டை கடை:
வணக்கம். தண்டையார்பேட்டையில் அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார், வேலை முடிந்து வந்து சாயங்காலம் நான் உட்காருவேன். ஜனவரி கடைசியிலிருந்தே லைனுக்கு வரும் ஆள் சிகரெட்டைக் குறைத்துத்தான் இறக்குகிறார். பிப்ரவரி பிறந்ததும் பழைய சரக்கையே அட்டையில் அச்சடித்த விலைக்கு எங்களுக்குத் தருகிறார், சில ரகத்துக்கு அதற்கும் மேலே கேட்கிறார். கேட்டால் "வரி ஏறிடுச்சு, நீங்களும் ஏத்தி வித்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார். பில்லும் கிடையாது. வாங்க வருகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சத்தம் போடுகிறார்கள், அவருக்கு ரத்த அழுத்தம் வேறு. உண்மையில் எவ்வளவுதான் ஏறியது? பழைய விலை போட்ட பாக்கெட்டைக் கூட்டி விற்றால் மாட்டுவோமா? பீடிக்கும் ஏறுமா?

மண்ணடி கணக்காளர்:
தம்பி, முதலில் நேரடி பதில்: கூட்டி விற்கக் கூடாது. அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் யார் விற்றாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம், நாளைக்கு ஒருவர் புகார் கொடுத்தால் கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், லைன்காரர் வரமாட்டார். வரி ஏறியது என்பது அதற்குச் சாக்கு இல்லை.

இப்போது வரி விஷயம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சிகரெட்டுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதன்மேல் இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரி, கூடவே பெயருக்குக் கொஞ்சம் கலால், அதாவது உற்பத்தி வரி, என்று இருந்தது. அந்த செஸ் 2026 ஜனவரி 31 உடன் முடிந்துவிட்டது. அது போன இடத்தில் கலாலைப் பெரிதாக்கிவிட்டார்கள், அதற்கான சட்டத்திருத்தம் டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜிஎஸ்டியும் 40 சதவீதம் ஆகிவிட்டது. கலால் நீளத்தைப் பொறுத்தது: 65 மில்லிமீட்டர் வரை உள்ள ஃபில்டர் சிகரெட் ஆயிரத்துக்கு 2,100 ரூபாய், 70 வரை 4,000, 75 வரை 5,400. அதாவது ஒரு சிகரெட்டுக்கு இரண்டேகால் ரூபாய்க்குள் தொடங்கி ஐந்து ரூபாய் நாற்பது காசு வரை. ஆனால் இது முழுசாக மேலே ஏறிய தொகை இல்லை, இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டு அலறுகிறார்கள். 70 மில்லிமீட்டர் வரையிலான ஃபில்டர் சிகரெட்டுக்கு முன்னாடி செஸ்ஸாகவே ஆயிரத்துக்கு 2,747 ரூபாயும் 5 சதவீதமும் போய்க்கொண்டிருந்தது. அது கழிந்து 4,000 வருகிறது, கூடவே ஜிஎஸ்டி 40. ஏற்றம் நிஜம்தான், ஆனால் லைன்காரர் சொல்லும் அளவுக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கலால் விதிக்கப்படுவது சரக்கு தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் நாளில் உள்ள விகிதத்தில். ஜனவரியில் வெளியே வந்த பாக்கெட்டுக்குப் புதுக் கலால் ஒரு பைசா கூடக் கட்டப்படவில்லை. பிப்ரவரியில் விற்கும்போது ஏஜென்சிக்கு 40 சதவீத ஜிஎஸ்டி விழும், அதில் அவர்களுக்குக் கை கடிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். அதை உங்கள் அம்மா தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

காசிமேடு டீக்கடை:
இங்கேயும் இதே கதைதான் அண்ணே. டிசம்பரில் செய்தி வந்ததுமே சரக்கைப் பதுக்கினவர்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள், திட்டு மட்டும் நமக்கு. நான் செய்வது, அட்டை விலைக்கு மேல் கேட்டால் அந்த ரகத்தை வாங்குவதே இல்லை. இல்லை என்று போர்டு வைத்துவிட்டேன். நாலு நாள் முனகினார்கள், அப்புறம் இருப்பதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். லூஸில் ஒன்று ஒன்றாகக் கொடுக்கும்போதுதான் சில்லறைத் தகராறு, புது விலை பாக்கெட்டையும் பழைய பாக்கெட்டையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் அக்கா:
பீடி பற்றி யாரும் சொல்லவில்லையே. பீடிக்கு ஏறவில்லை தம்பி, குறைந்திருக்கிறது. 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 18 ஆகிவிட்டது, சுற்றுகிற இலைக்கு 18லிருந்து 5. எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், கடைசி வரை பீடிதான், ஸ்டான்லியில் நுரையீரல் வார்டில் அவர் பக்கத்தில் படுத்திருந்தவர்களும் பெரும்பாலும் பீடி குடித்தவர்கள். பீடிப் புகை சிகரெட்டை விடக் குறைந்த கெடுதல் இல்லை. சிகரெட் விலை ஏறினால் காசு இல்லாதவன் விடுவான் என்று கணக்குப் போடுகிறார்கள், அவன் விடமாட்டான், கட்டு பீடிக்கு மாறுவான். ஏற்றுவதானால் இரண்டுக்கும் ஏற்ற வேண்டும்.

தென்காசிக்காரன், இப்போது வியாசர்பாடி:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சுற்றித்தான் வீடு ஓடுகிறது. வரியை ஏற்றிக் கம்பெனிக்காரன் வேலையைக் குறைத்தால் முதலில் அடி விழுவது அவர்களுக்கு. ஏற்றட்டும், அதற்கு முன்னால் அவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டட்டும்.

தண்டையார்பேட்டை கடை:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், டீக்கடை அண்ணன் சொன்ன மாதிரி போர்டு வைக்கச் சம்மதித்துவிட்டார். பில் கேட்டால் சரக்கே தரமாட்டேன் என்று மிரட்டினால் என்ன செய்வது?

மண்ணடி கணக்காளர்:
வேறு லைன்காரர் கிடைப்பார், இல்லாவிட்டால் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் பில்லோடு நீங்களே எடுத்துவரலாம். வாங்கும்போது அட்டையில் பேக் செய்த மாதத்தையும் விலையையும் போட்டோ எடுத்து வையுங்கள். அதற்கும் மேலே கேட்டால் 1915க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண் அது, அல்லது தொழிலாளர் துறையில் எடையளவு ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். உங்கள் விற்பனை வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்தானே இருக்கும், அப்படியானால் ஜிஎஸ்டி பதிவுக்கு அம்மா அலைய வேண்டியதில்லை.